அஞ்சல் கணினிக்கு ஒரு வாசற்காவல்



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்நாளில் நம் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். கிராணியார் எடுத்துக் கொடுப்பார். ஒரு கடிதம் அலுவலக மேசையிலேயே தங்கிவிட்டால், எழுதியவருக்கும் தெரியாது, காத்திருந்தவருக்கும் தெரியாது.

மின்னஞ்சலிலும் அந்தச் சங்கடம் உண்டு. கிள்ளானில் நாங்கள் சிலர் நடத்தும் கல்வி உதவிக் குழுவுக்கு, முன்னாள் மாணவி ஒருத்தி விண்ணப்பம் அனுப்பினாள். கணினி அதைக் குப்பை அஞ்சல் என்று எண்ணி ஒதுக்கிவிட்டது. நாங்கள் கண்டெடுத்தபோது உதவித் தொகை முழுவதும் கொடுத்து முடிந்திருந்தது. அவளோ, நாங்கள் பதில் எழுத மனமில்லாதவர்கள் என்றே நினைத்திருந்தாள்.

குப்பை அஞ்சல் புதிய நோயன்று. வேண்டாத அஞ்சலைத் தேர்ந்து மறுக்க, வாங்கும் கணினிக்கு வழியில்லையே என்று ஜான் போஸ்டெல் என்னும் அமெரிக்க அறிஞர் 1975-ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1978 மே மாதம் கேரி துர்க் என்பவர், அர்பாநெட் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பிவைத்தார். 1982-இல் போஸ்டெல் வகுத்த அஞ்சல் விதிகளே இன்றைய முறைக்கும் அடிப்படை.

அம்முறையைப் பிரிக்பீல்ட்ஸில் கணினி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எங்களுக்கு விளக்கினார். அஞ்சல் கொண்டுவரும் கணினி, வாங்கும் கணினியின் 25-ஆம் எண் வாசலில் வந்து நிற்கும். வாங்கும் கணினி 220 என்று சொல்லி வரவேற்கும். வந்தது தன் பெயரையும், அனுப்புநர், பெறுநர் முகவரிகளையும் சொல்லும். அதன் பிறகே கடிதம் கைமாறும். 250 என்றால் ஏற்றுக்கொண்டோம். 450 என்றால் பிறகு வாருங்கள். 550 என்றால் ஏற்க முடியாது.

வாசலில் நிற்கும் ஜாகா என்ன செய்யலாம்? முதலாவது, வரவேற்பைச் சில விநாடிகள் தாமதிக்கலாம். ஒழுங்கான கணினி காத்திருக்கும். குப்பையைக் கொட்ட வந்த கணினிகளில் பல, வணக்கம் சொல்லுமுன்பே பேசத் தொடங்கி அகப்பட்டுக்கொள்ளும்.

இரண்டாவது, தடைப் பட்டியலைப் பார்க்கலாம். பால் விக்சி 1997-இல் தொடங்கிய முறை இது. ஆனால் இதில் கவனம் தேவை. பல சங்கங்கள் ஒரே கணினியின் வழியாக அஞ்சல் அனுப்புகையில், ஒருவரின் கடவுச்சொல் களவுபோனாலும் எல்லோருடைய கடிதமும் தடைபடும்.

மூன்றாவது, முன்பின் தெரியாதவரிடம் 450 சொல்லிப் பார்க்கலாம். இவான் ஹாரிஸ் 2003-இல் சொன்ன உபாயம் இது. உண்மையான அஞ்சல் கணினி சற்றுப் பொறுத்து மீண்டும் வரும். நான்கைந்து நாள்வரை முயல வேண்டும் என்பது விதி. குப்பை அனுப்பும் கணினிகள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

இவை எல்லாவற்றையும் வாசலிலேயே செய்வது ஏன்? கடிதத்தை உள்ளே வாங்கிய பிறகு வழி குறைவு. திருப்பி அனுப்பினால், குப்பை அஞ்சலில் அனுப்புநர் பெயர் பொய்யாக இருப்பதால், சம்பந்தமில்லாத ஒருவர் தலையில் விழும். பேசாமல் ஒதுக்கிவைத்தால், எங்கள் மாணவிக்கு நேர்ந்ததுதான் நேரும். வாசலிலேயே 550 என்று சொல்லியிருந்தால், அவளுடைய அஞ்சல் சேவையே 'கடிதம் சேரவில்லை' என்று அவளுக்குத் தெரிவித்திருக்கும். அவள் தொலைபேசியில் அழைத்திருப்பாள். பேருந்தேறி நேரிலும் வந்திருப்பாள்.

ஆகவே நேயர்களே, சங்கத்துக்கோ பள்ளிக்கோ அஞ்சல் கணினி வைத்திருப்போர், ஐயமுள்ளதை வாசலில் நிறுத்துங்கள். நிறுத்தியதை அனுப்பியவருக்குச் சொல்லுங்கள். மற்றவர்கள் ஒதுக்கப்பட்ட அஞ்சல்களை வாரம் ஒருமுறையாவது புரட்டிப் பாருங்கள். விண்ணப்பம் வந்தால் 'கிடைத்தது' என்று ஒரு வரி எழுதுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். அந்த மாணவியின் பெயர் அடுத்த ஆண்டுப் பட்டியலில் முதலாவதாக எழுதப்பட்டிருக்கிறது.