துடுப்புப் படகைக் கேளுங்கள்

விடுமுறைக்குப் பிச்சாவரம் போகலாமா என்று விருத்தாசலத்தில் பல வீடுகளில் பேச்சு நடக்கும். போய் வாருங்கள். படகு எடுக்கும்போது மட்டும் துடுப்புப் படகைக் கேளுங்கள்.

ஏன்? பிச்சாவரம் ஒரு சுரபுன்னைக் காடு. சேற்றைப் பிடித்து நிற்பவை அதன் வேர்கள். அந்த வேர் இடுக்கில்தான் இறாலும் மீனும் குஞ்சாக வளர்கின்றன. விருந்தாளிக்குத் திண்ணையில் பாய் விரிப்போம். தொட்டில் ஆடும் அறையில் கூச்சல் போட விடுவோமா? மோட்டார் படகின் அலை கரைச் சேற்றை அரிக்கும். சத்தம் கேட்டால் கொக்கும் நாரையும் எழுந்து போய்விடும். துடுப்புப் படகில் அந்தச் சத்தம் இல்லை. குறுகிய கால்வாய்க்குள் மரநிழலில் போகவும் அதுதான் வசதி.

2022-இல் பிச்சாவரம் உலக முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்காக மக்களைத் தடுக்கச் சொல்லமாட்டேன். பார்க்காத காட்டுக்காக யார் பரிந்து பேசுவார்கள்? அகன்ற நீர்வழி மோட்டாருக்கு, குறுகியது துடுப்புக்கு, உள்காடு பறவைகளுக்கு என்று பிரித்துவிடலாம்.

இன்னொன்று. நம் விருத்தாசலத்து மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில், பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் கடலைத் தொடுகிறது. இங்கே ஆற்றில் எறியும் பாலிதீன் பை, வெள்ளம் வந்தால் அந்தப் பக்கம்தான் போகும்.