தள்ளி நின்று நேசிப்போம்



சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரியை நம்மில் பலர் அறிவோம். சேர்வராயன் மலையின் மழைநீர் வந்து தங்கும் ஏரி அது. 2010-ஆம் ஆண்டு நகரத்து மக்கள் ஒன்றுசேர்ந்து அதைத் தூர்வாரினார்கள். அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரக்கன்றுகள் நட்டார்கள். கொக்கும் நீர்க்காகமும் அங்கே வந்து தங்கின.

சென்ற மழைக்காலத்தில் பங்கு இளையோரோடு அந்தக் கரையில் நின்றோம். ஒரு கொக்கு சுள்ளி கொண்டுவந்தது. கூட்டில் இருந்த அதன் இணை அதை வாங்கிச் செருகியது. மற்றொரு கூட்டில் தாய்ப்பறவை இறக்கையை விரித்து, குஞ்சுகளுக்கு வெயில் படாமல் நின்றது.

“இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாமா?” என்று ஒரு தம்பி கேட்டான். வேண்டாம் என்றோம். ஆள் அரவம் கேட்டால் தாய் பறந்துவிடும். அது திரும்புவதற்குள் முட்டை வெயிலில் கெட்டுப்போகலாம். காகம் தூக்கிக்கொண்டும் போகலாம். ஆசையோடு பார்க்கப் போன நாமே அந்தக் கூட்டை அழித்தவர்கள் ஆவோம்.

இணைச்சட்ட நூல் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய சட்டம் இருக்கிறது. வழியில் பறவைக் கூட்டைக் கண்டால், குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது. இதைக் கடைப்பிடிப்போருக்கு நலமும் நீடிய வாழ்வும் கிடைக்கும் என்கிறார் ஆண்டவர். தாய் தந்தையை மதிப்போருக்கு அவர் தரும் வாக்குறுதியும் இதுவே! ஒரு கூட்டின் முன் நம் கையை அடக்குவது இறைவன் பார்வையில் அவ்வளவு பெரிய காரியம்.

பக்கத்து ஈரோடு மாவட்டத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 2022-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள கிராமத்தார் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்கும் மத்தாப்பு ஆசை உண்டு. ஆனாலும் விட்டுக்கொடுக்கிறார்கள்.

அன்பார்ந்தவர்களே, நாம் என்ன செய்கிறோம்? கிறிஸ்து பிறப்பு இரவிலும் தேர்ப்பவனியிலும் நாம் போடும் வெடி, ஏரிக்கரைக் கூடுகள் வரை கேட்காதா? சத்திரத்தில் இடம் கிடைக்காத பாலனைக் கொண்டாடும் நாம், கூடு கட்டிய உயிரை விரட்டலாமா? இந்த ஆண்டு ஏரியோரப் பங்குகளிலாவது வெடியை விட்டு, மணியும் பாடலும் போதும் என்று முடிவு செய்வோம்.

தம் சிறகின் நிழலில் நம்மைக் காக்கும் இறைவன், பிற உயிர்களுக்கு நிழலாகும் மனதை நமக்குத் தருவாராக. ஆமென்.