கைகலப்பும் அதன் பின்விளைவும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டுக் கரப்பந்தாட்டப் போட்டியின் முடிவில் நம் மைதானத்தில் நடந்ததை உங்களிற் பலர் நேரிற் கண்டீர்கள். ஒரு புள்ளியைப் பற்றிய வாக்குவாதம். ஒருவன் குத்தினான், மற்றவனுக்கு முன்பல் போயிற்று. இருவரும் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். அந்த வழக்கு இன்னும் தவணையில் இருப்பதால் அதைப்பற்றி மேலே பேசேன். ஆனால் அன்று அங்கு நின்ற ஒரு தம்பி, "ஒரு குத்துத்தானே, ஐயா" என்றான். அவனுக்கான மறுமொழியே இன்றைய பேச்சு.

நமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டிற்குரியது. அதன் 310ஆம் பிரிவின்படி ஒருவனுக்கு உடல்நோவை உண்டாக்கினாலே அது காயம். இரத்தம் வரவேண்டுமென்ற நியதி கிடையாது. அதற்கே ஓராண்டுவரை மறியல் உண்டு. அடுத்த பிரிவு கடுங்காயம் எவையென்று கூறுகிறது: ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போதல், ஒரு காதின் கேள்வி போதல், முகம் நிலையாக விகாரப்படுதல், எலும்போ பல்லோ முறிதல். கையிழப்பையும் பல் முறிவையும் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கடுங்காயத்துக்கு ஏழாண்டுவரை மறியலும் தண்டமும் விதிக்கலாம். கடுங்காயம் விளையக்கூடுமென்று எதிரி அறிந்திருந்தானா என்பதை நீதிமன்றம் ஆராயும். மூஞ்சியிற் குத்தியவன் "அறியேன்" என்று சாதிப்பது எளிதன்று.

"அவன்தான் முதலில் ஏசினான்" என்பது நீதிமன்றங்களில் நான் அதிகம் கேட்ட வாக்கியம். பாரதூரமான திடீர்ச் சினமூட்டல் தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை அழிக்காது. தற்காப்புரிமை வேறு. அடிக்க வருபவனைத் தடுக்கத் தேவையான அளவுக்கு அடிக்கலாம். அவன் திரும்பி ஓடத் தொடங்கிய பிறகு விழும் குத்துக்குத் தற்காப்பு என்று பெயரில்லை.

இனி உடம்பின் கதை. மண்டையோடு மிக மெல்லியதாக உள்ள இடங்களில் ஒன்று நெற்றிப்பொட்டு. அதன் உட்புறத்தை ஒட்டி ஓர் இரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே எலும்பு வெடித்துக் குழாய் கிழிந்தால் மூளையுறைக்கு வெளியே இரத்தம் கட்டும். அடிபட்டவன் எழுந்து, தண்ணீர் குடித்து, "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு நடந்து போவான். சில மணித்தியாலத்தில் தலையிடி, சத்தி, மயக்கம். நித்திரை கொள்கிறான் என்று வீட்டார் விட்டுவிட்டால் அவன் எழும்பாமலே போகலாம்.

அதிலும் பயங்கரமானது விழுகை. தாடையிற் குத்து வாங்கி நினைவிழந்தவன் கையூன்றி விழமாட்டான், மரம்போலச் சாய்வான். பின்மண்டை சீமெந்திலோ தார் ரோட்டிலோ மோதும். குத்தியவன் எண்ணாத வேலையை நிலம் செய்துவிடும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இவ்வாறு இளைஞர்கள் இறந்ததனால் 2014இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். குடிபோதையில் அடித்து மரணம் விளைவித்தவனுக்கு அங்கே எட்டாண்டுக்குக் குறையாத சிறை. நமது நாட்டில் தனிச் சட்டம் வேண்டியதில்லை; இருக்கின்ற பிரிவுகளே போதுமானவை.

குத்தியவனும் முழுதாய்த் திரும்புவதில்லை. ஒரு கையில் 27 எலும்புகள் உண்டு. முஷ்டி கோணலாய்ப் பட்டால் சின்னிவிரலின் அடியெலும்பு முறியும். மற்றவன் பல் மொளியைக் கிழித்தால், வாயிலுள்ள கிருமி மூட்டுக்குள்ளே புகுந்துவிடும். வெளியே அரை அங்குலக் கீறல், உள்ளே சீழ். வெட்கத்தால் "தகரம் வெட்டியது" என்று டாக்டரிடம் பொய் சொல்வோர் பலர். அந்தப் பொய்யினால் ஒருவனின் நடுவிரல் நிரந்தரமாய் மடங்கிப்போனதை நான் அறிவேன். அவன் தச்சுத்தொழிலாளி. வெளிநாடு போக முயன்றபோது பொலிஸ் நற்சான்றிதழும் தடையாயிற்று. அவனாற் குத்துண்டவன் இப்போது அவனுடைய மைத்துனன். அந்தக் கலியாணவீட்டுப் பந்தலுக்கு மரம் அரிந்ததும் அவனே, இடக்கையால்.

ஆகையால் கையிலே பற்காயம் பட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டவனை அன்றிரவு தனியே படுக்கவிடாதீர்கள்.