ஊஞ்சல் கொக்கிக்கு ஒட்டுப்பசை போதுமா?

(சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஊஞ்சல் கொக்கி போட அனுமதி கேட்டுப் பல வீடுகளிலிருந்து விண்ணப்பம் வந்திருக்கிறது. கூரையில் துளையிட்டு, எப்பாக்சி பசை வைத்து, போல்ட்டைச் செருகிவிடுகிறார்கள். இரண்டு பேர் தொங்கிப் பார்த்தாலும் அசைவதில்லை. அந்தச் சோதனை போதாது என்று சொல்லத்தான் வந்தேன்.

இறுகிய எப்பாக்சி, இயற்பியல் கணக்கில் ஒரு வகைக் கண்ணாடி. அதன் மூலக்கூறுகள் உப்புக்கல்லில் இருப்பதுபோல வரிசையாக இல்லாமல் தாறுமாறாக நெருக்கி நிற்கின்றன. நம் மாங்கனித் திருவிழா நெரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே தோளை அசைக்கலாம். ஓர் அடி நகர வேண்டுமென்றால் சுற்றி நிற்பவர்கள் வழிவிட வேண்டும். மூலக்கூறுகள் நொடிக்கு லட்சம் கோடி முறை என்ற அளவில் அப்படி அதிர்கின்றன. இடம் மாறுவதற்கோ நாட்கள், ஆண்டுகள்கூட ஆகலாம்.

இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அதிர்வின் வீச்சு சற்றே கூடினாலும், இடம்மாறும் வேகம் பல மடங்கு கூடிவிடும். வெயில் அந்த வீச்சைக் கூட்டும். ஈரமும் மூலக்கூறுகளின் பிடியைத் தளர்த்தும். நம் கடற்காற்றில் திறந்து வைத்த அப்பளம் நமத்துப்போவதும் அப்படித்தான். சாதாரண வெப்பத்தில் இறுகும் எப்பாக்சிகள் பலவும் 50, 60 டிகிரிக்கே இளகத் தொடங்கும். மேல்மாடிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாரம் ஓயாமல் தொங்கினால், ஒவ்வொரு சிறு நகர்வும் கீழ்நோக்கியே சேரும். பொறியாளர்கள் இதை 'க்ரீப்' என்பார்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சாலைச் சுரங்கத்தில் 2006 ஜூலை 10 அன்று கூரையின் கான்கிரீட் பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்து, ஒரு பெண் இறந்தார். போல்ட்களைப் பிடித்திருந்த எப்பாக்சி, நீண்டகாலப் பாரத்தைத் தாங்காமல் மெல்ல நழுவியதே காரணம் என்று விசாரணை கண்டறிந்தது. அந்தத் திட்டத்தில் 1999-இலேயே சில போல்ட்கள் நழுவியது தெரிந்திருந்தது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இவைதான்:

ஊஞ்சலைப் பசையை மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள். கட்டடப் பொறியாளரைக் கேட்டு, உத்தரத்தில் ஊடுருவும் போல்ட்டோ, தரையில் நிற்கும் சட்ட ஊஞ்சலோ போடுங்கள்.

ஏற்கெனவே பசைக் கொக்கி இருந்தால், கூரையை ஒட்டி போல்ட்டில் ஒரு கோடு போட்டு, மாதம் ஒருமுறை பாருங்கள். கோட்டுக்கும் கூரைக்கும் இடையே நூலளவு இடைவெளி விழுந்தாலும் ஊஞ்சலைக் கழற்றிவிடுங்கள். திருப்பி முடுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.