முடிச்சை அவிழ்த்தது யார்?

(பூவிருந்தவல்லியில் நாடகக் குழுத் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஆலை வேலை முடித்து, அலுப்பை உதறி ஒத்திகைக்கு வருகிறீர்கள். அரிதாரம் பூசுகிறீர்கள், அனல் பறக்க வசனம் பேசுகிறீர்கள். ஆனால் கடைசிக் காட்சி வந்ததும் கை தளர்ந்துவிடுகிறது! இரண்டரை மணி நேரம் ஏழையை வாட்டிய மிராசுதாரர், இரண்டே நிமிடத்தில் கண்ணீர் சிந்தித் திருந்துகிறார். கடன் பத்திரத்தைத் தம் கையாலேயே கிழித்தெறிகிறார். திரை விழுகிறது, கைதட்டல் எழுகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: முடிச்சை அவிழ்த்தது யார்?

சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார், நாடகக் கதையின் வளர்ச்சியை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று ஐந்து நிலைகளாகப் பகுத்தார். உழவனின் கண்கொண்டு அவற்றை விளக்கினார். உழுத நிலத்தில் வித்து முளைப்பது முதல் நிலை. அறுத்து, போரடித்து, வீடு கொண்டுபோய் உண்டு மகிழ்வது இறுதி நிலை. முடிவு என்பது வானிலிருந்து விழும் பொட்டலமன்று. விதைத்தவன் அறுக்கும் விளைச்சல்! கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும், சிக்கல் கதைக்குள்ளிருந்தே தீர வேண்டும், பொறியில் ஏற்றித் தெய்வத்தை மேடையில் இறக்கித் தீர்க்கலாகாது என்றார்.

பாண்டியன் அவையைப் பாருங்கள். கோவலன் கள்வனா, அல்லனா? அதுதான் வழக்கு. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. தன் தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்கிறான் மன்னன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, தீர்ப்பு தெரிகிறது. தீக்கடவுள் வருவது அதற்குப் பின்னர்தான். வழக்கைத் தீர்க்க எந்தத் தெய்வமும் வரவில்லை. விடை, முதலிலிருந்தே அவள் காலணிக்குள் கிடந்தது.

அதே அவையில் அவள் நினைவூட்டுகிறாள், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் அருமை மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனை. இறந்த மகன் எழுந்தான் என்று அவள் சொல்லவில்லை. நூற்றாண்டுகள் கடந்து பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணம் அதே கதையைப் பாடியபோது, சிவபெருமான் தோன்றுகிறார். கன்று எழுகிறது, மகன் எழுகிறான், உயிர்விட்ட அமைச்சனும் எழுகிறான். சேக்கிழார் பாட வந்தது இறைவனின் கருணையை. அவர் நோக்கத்துக்கு அந்த முடிவு பொருந்தும். ஆனால் மன்னனின் நீதியைப் பாட வருபவனுக்கு? இழப்பு மறைந்ததும் நீதியின் விலையும் மறைந்துவிடுகிறதே!

தொலைவில் ஏன் தேட வேண்டும்? இந்தப் பூவிருந்தவல்லியில் பிறந்தவர் திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர், அந்தணர் அல்லர். அவர் உண்ட மிச்சிலைத் தாம் உண்ண விரும்பி, இராமாநுசர் அவரை விருந்துக்கு அழைத்தார் என்று குருபரம்பரைக் கதை கூறும். இராமாநுசர் இல்லாத வேளையில் நம்பி வந்து உண்டு சென்றார். இராமாநுசரின் மனைவியோ இலையை அகற்றி, இல்லத்தைத் தூய்மை செய்து, நீராடி, புதிதாகச் சமைத்தார். இதுபோன்ற நிகழ்ச்சிகள் பிறகும் நேர, மனைவியைப் பிறந்தகம் அனுப்பிவிட்டு இராமாநுசர் துறவு பூண்டார்.

இராமாநுசரின் உள்ளம் பெரிது, மறுப்பாரில்லை. ஆனால் சிக்கல் என்ன ஆயிற்று? கணவர் வாசலைக் கடந்தார். அடுக்களைச் சட்டம் அடுக்களையிலேயே அமர்ந்திருந்தது. வெளியேற்றப்பட்டவள் ஒரு பெண், வழக்கம் அன்று!

நந்தன் கதையிலும் இதுதானே! தில்லைக்குள் நுழைய அவர் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது. கதவு மாறவில்லை, உள்ளே நுழைய வந்தவர்தாம் மாற்றப்பட்டார். அடுத்த நந்தன் வந்தால்? அவருக்கும் தீதான்!

நாட்டு வாழ்வில் அந்த முடிச்சு எப்படி அவிழத் தொடங்கியது? 1939 ஜூலை 8 அன்று, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயருடன் கக்கன் உள்ளிட்டோர் நுழைந்தார்கள். 1947இல் சென்னை மாகாணம் ஆலய நுழைவுக்குச் சட்டம் இயற்றியது. தீ வளர்க்கவில்லை, அசரீரி கேட்கவில்லை. மனிதர் போட்ட பூட்டை மனிதரே திறந்தனர்.

தோழர்களே! மகிழ்ச்சியான முடிவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உழைக்காமல் வந்த மகிழ்ச்சி வேண்டாம் என்கிறேன். அழுது கலங்கிய தாய், ‘எல்லாம் ஒருநாள் தானே சரியாகும்’ என்ற எண்ணத்தோடு வீடு திரும்பினால், நம் நாடகம் அவளைத் தாலாட்டித் தூங்க வைத்துவிட்டது என்றே பொருள்.

ஆகவே, மிராசுதாரரைத் திருத்த முயலாதீர்கள். அவருடைய கடன் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு மகளை முதற்காட்சியிலேயே அந்தக் குடிசையில் அமர்த்துங்கள். கணக்கிலுள்ள பொய்யைக் கடைசிக் காட்சியில் அவள் ஊரறியப் படிக்கட்டும். அன்று வீடு திரும்பும் தாய், பெட்டியைத் திறந்து தன் பத்திரத்தைத் தேடுவாள்!