தூது சென்ற புலவர்கள்

(திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொமரலிங்கத்தில் குடமுழுக்குக் காணும் இத்திருக்கோயிலில், தமிழ்ப் பாடல்கள் காட்டும் இல்லறம் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். இல்லறத்தின் மாண்பைப் பாடிய பாடல்களுக்குத் தமிழில் குறைவில்லை. அவற்றை விடுத்து, பிளவுபட்ட ஓர் இல்லறத்தைப் பாடிய ஐந்து பாடல்களை எடுத்துக்கொள்கிறேன். நன்னாளில் இப்பேச்சு எதற்கு என்று எண்ணற்க. அது நம் அயலில் நிகழ்ந்த கதை.

காவடி எடுத்து நாம் நடந்து செல்லும் பழனிமலைக்குச் சங்க காலத்தில் பொதினி என்று பெயர். அம்மலைநாட்டை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அவன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியை நாடினான் என்பதைப் பலர் அறியார். (சிலம்பின் கண்ணகி வேறு, இவள் வேறு.) கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர் கிழார் என்னும் நால்வர் அதைப் பாடினர். புறநானூற்றில் 143 முதல் 147 வரை உள்ளவை அப்பாடல்கள். உ. வே. சாமிநாதையர் அந்நூலை 1894இல் அச்சேற்றினார்.

ஐந்தில் ஒன்றில் மட்டுமே கண்ணகி வாய் திறக்கிறாள். பரணர் மாலைப்பொழுதில் யாழிசைத்து அவன் நாட்டைப் பாட, ஒரு பெண் கண்ணீர் சொரிந்து நிற்கிறாள். எம் நண்பனுக்கு நீ உறவோ என வினவுகிறார். விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, உறவில்லை என்கிறாள்! என்னைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி, முல்லை வேலி சூழ்ந்த ஓர் ஊருக்கு அவன் நாள்தோறும் வருகிறானாம், அவ்வாறு சொல்கிறார்கள் என்கிறாள். அந்த மற்றொருத்தியை அவள் ஏசவில்லை. கணவனின் கொடுமையைச் சொல்லவும் ஊரார் சொல்லையே துணைக்கொள்கிறாள். அரசனின் மனைவிக்கு அவனிடம் இருந்த உரிமை அவ்வளவே.

இனிப் புலவர்களைப் பாருங்கள். அரசன் கொடுத்தால் உண்பவர்கள் அவர்கள். அத்தகையோர், நாங்கள் பசித்து வரவில்லை, அணியும் பொருளும் வேண்டோம், இன்றிரவே தேரேறி அவள் துயரைக் களைவதே நீ தரும் பரிசில் என்கிறார்கள். பசியறியாப் புலவர் அக்காலத்தில் எத்தனை பேரோ! மயிலின் குளிரை அறிந்தவன் என்ற புகழையே எடுத்து அவன்முன் வைக்கிறார்கள். ஐந்து பாடல்களிலும் கண்ணகியை நோக்கி, 'நீ பொறுத்துக்கொள்' என்ற ஒரு சொல்லேனும் இல்லை. எழுந்து செல்லவேண்டியவன் பேகனே.

இந்நெறியைச் சேக்கிழாரிடமும் காண்கிறோம். நம் அவிநாசியிலும் திருமுருகன்பூண்டியிலும் பாடிய சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்து, அதை மீறிக் கண்ணிழந்தார். அவர் திருவாரூருக்கு மீண்டபோது பரவையார் ஏற்க மறுத்தார். நள்ளிரவில் இறைவனே அவருக்காகத் தூது நடந்தான். அருச்சகர் கோலத்தில் சென்ற முதல்முறை பரவையார் இசையவில்லை. இறைவன் சினந்தானில்லை, இரண்டாம் முறையும் நடந்தான். ஆண்டவனே வரினும் மறுக்கும் உரிமையை அந்த அம்மையாருக்குச் சேக்கிழார் அளித்திருக்கிறார். அந்தத் துணிவு கண்ணகிக்கு வாய்க்கவில்லை. அவளுக்காகப் புலவர்கள் பேசவேண்டியிருந்தது.

பேகன் தேரேறினானா என்பதை அவ்வைந்து பாடல்களும் சொல்லவில்லை.

என் உறவில் ஒரு பெண் இவ்வாறே பிறந்தகம் வந்து நின்றாள். பெரியவர்கள் கூடினோம். பொறுத்துப் போ, அம்மா என்று ஒருவர்பின் ஒருவராகச் சொன்னோம், நானும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இச்சொற்பொழிவுக்காகப் புறநானூற்றை மீண்டும் விரித்தபோதுதான், அன்று அவள் கணவனைத் தேடி எங்களில் ஒருவரும் போகவில்லை என்பது நினைவுக்கு வந்தது.