உட்கார இடம் இருக்கா?

நடுவர் அவர்களே! "எல்லாப் புத்தகமும் செல்போன்லயே இருக்கு, நூலகம் எதுக்கு?"ன்னு எதிரணித் தம்பி கேட்டார். புத்தகம் இருக்குய்யா, உட்கார இடம்?

1896-இல் திறந்த கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடம். வண்ணக் கண்ணாடியையும் மர வேலைப்பாட்டையும் அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து வலிச்சது! அழகுதான். ஆனா நான் மயங்கினது, 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில். பார்வையற்றோருக்குப் பிரெய்லி பகுதி இருக்கு, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கு. அதையெல்லாம் விடுங்க. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கவே ஒரு பகுதி! 'எங்க புத்தகத்தைத் தொடலேன்னாலும் பரவாயில்லை, வந்து உட்காரப்பா'ன்னு சொல்ற நூலகம்யா அது!

ஒற்றை அறை வீடு, ஓயாத டி.வி. சத்தம், அதுக்கு நடுவுல அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு அந்த நாற்காலியை எந்தச் செல்போன் தரும்? தம்பி எழுந்து பதில் சொல்லட்டும், நான் உட்கார்றேன்.